ரோட்டுத் தூசியா, உமிச்சாம்பலா?

காற்றை எடை போடுகிறேன் என்றால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். காற்று மாசு அளக்கும் நாற்பது கிலோ கருவியை மொட்டை மாடிக்கு ஏற்றி முதுகு பிடித்துக்கொண்ட சகாக்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கிரைண்டர்

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். அரிசி ஆலைப் புகையால் மூச்சு முட்டுகிறது என்று புகார். ஆலைக்குக் கிழக்கே, பீடி சுற்றும் பேச்சியம்மாளின் மாடியில் கருவியை வைத்தேன்; அவள் மகளுக்கு இளைப்பு நோய். ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுத்து, அதிலுள்ள தூசியை வெள்ளைத் தாளில் பிடிக்கும். தாளை முன்னும் பின்னும் எடை போட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

மறுநாள் போனால் கருவி நின்று கிடக்கிறது. கிரைண்டரில் மாவாட்டுவதற்காகப் பேச்சியம்மாள் பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். கோபத்தை விழுங்கிக்கொண்டு, "உன் மகள் இளைப்போடு இழுத்து விடுகிற காற்றில் என்ன இருக்கிறது என்று இதுதான் காட்டப்போகிறது" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பிளக்கத் தொட்டிருப்பேனாக்கா?"

முதலாளியின் மோர்

அடுத்த தாள் கறுத்து வந்தது. ஆலை முதலாளி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். உட்காரவைத்து மோர் கொடுத்தார். தாளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"எல்லாம் ரோட்டுத் தூசிம்மா. பஸ்காரன்ட்ட போயி கேளுங்க."

மேற்கும் கிழக்கும்

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு தாளை வைத்து யாருடைய தூசி என்று சொல்ல முடியாது. ஆலைக்கு மேற்கே, பேச்சியம்மாள் வீட்டு வழியாக ஓடும் அதே சாலையோரம் இன்னொரு கருவி வைத்தேன். ஆடி மாதம், காற்று மேற்கிலிருந்து ஓயாமல் வீசியது.

உமி எரிக்கும் கொதிகலன் பழுதாகி ஆலை நின்ற நாட்களில் இரண்டு தாளும் ஒரே வெளிர் பழுப்பு. ஆலை ஓடத் தொடங்கியதும் மேற்குத் தாள் அப்படியே இருந்தது. கிழக்குத் தாள் கரிச்சட்டி! நான்கையும் அண்ணாச்சியின் மேசையில் பரப்பிவிட்டு நின்றேன். அவர் கறுப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கொதிகலன் பார்க்கும் ஆளைக் கூப்பிட்டார்.

"ரோடு ரெண்டு பக்கமுந்தான் கெடக்கு, கருப்பு ஒரு பக்கந்தான விழுந்திருக்கு? இது நம்ம உமிச்சாம்பல்தாம்லே."

கொடிக்கயிறு

புகை வெளியேறுமுன் சாம்பலைத் தண்ணீரில் பிடிக்கும் தொட்டியை அண்ணாச்சி கட்டினார். அடுத்த ஆடியில் இரு பக்கமும் மறுபடி அளந்தேன். எது கிழக்குத் தாள் என்பதை மூலையில் எழுதிய எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. மாடியில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். ஈரத்துணி வாளியோடு பேச்சியம்மாள் ஏறி வந்தாள்.

"எக்கா, அந்த மிஷின எப்ப எடுப்பிய? அங்கன நான் கொடி கட்டணும்!"

ஊரெல்லாம் அலைந்து, மாடியெல்லாம் ஏறி, கடைசியில் நம்மை யாருக்கும் தேவையில்லாமல் செய்துகொள்வதைத்தான் நம் தொழிலில் வெற்றி என்கிறோம்.