மாஸ்டர் வைத்த பேனர்

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஆளுயர பேனரில் என் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்தது பெருமை இல்லை, வயிற்றெரிச்சல். ‘எங்கள் மாணவி, எங்கள் பெருமை’ என்று கீழே எழுத்து. பக்கத்தில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு கம்ப்யூட்டர் மாஸ்டர். அவருடைய சென்டரில் நான் படித்ததென்னவோ உண்மைதான். படித்தேன் என்பதைவிட நின்றேன் என்றால் சரியாக இருக்கும்.

பஜாரில் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது சென்டர். டவுன் பிள்ளைகளுக்கு நாற்காலி. வில்பட்டி, அட்டுவம்பட்டி, போளூர் என்று மலைக் கிராமங்களிலிருந்து வரும் எங்களுக்கு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க இடம். ‘பாத்துப் பழகுங்க, போதும்’ என்பார். கரையில் நின்று நீச்சல் பழக முடியுமா? விடிகாலையில் அப்பாவோடு கேரட் கழுவிவிட்டு வருவேன், நகக்கண்ணில் மண் இருக்கும். அது பட்டால் கீபோர்டு பாழாகிவிடுமாம்.

மழைக்கு டவுன் பையன் ஒருவன் வராத அன்று, அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றிலிருந்து பத்து வரை எண்களைக் காட்டும் புரோகிராம் அடித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டச் சொல்லும் வரியை விட்டுவிட்டேன். திரை முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஓடிக்கொண்டே இருந்தது. புரோகிராம் எழுதப் பழகுகிற எல்லோரும் செய்கிற தப்புதான் இது. இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். அதைச் சொல்லித்தர எவ்வளவு நேரம் ஆகும்? மாஸ்டர் பிளக்கைப் பிடுங்கினார். என்னை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற அப்பாவிடம், ‘இதுக்கெல்லாம் மூளை வேணுங்க. கேரட் கழுவுற சோலிய பாக்கச் சொல்லுங்க’ என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பா குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ‘தெரியாம செஞ்சிருச்சுங்க, மன்னிச்சிருங்க’ என்றார். என்னைச் சொன்னதை விடுங்கள். அப்பா கேட்ட அந்த மன்னிப்பை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

சென்டருக்கு அதோடு முழுக்குப் போட்டேன். பழைய போன் ஒன்றை வைத்துக்கொண்டு, அழுதும் ஆத்திரப்பட்டும் புரோகிராம் எழுத நானே கற்றேன். இன்று அட்டுவம்பட்டியில் வீட்டிலிருந்தபடியே அதுதான் எனக்கு வேலை. சென்டரில் நடக்கும் புது பேட்ச் தொடக்க விழாவுக்கு மாஸ்டர் போனில் அழைத்ததும் உடனே ஒப்புக்கொண்டேன். ‘விட்டுத் தொலை தாயி, பெரிய மனுசன்’ என்றார் அப்பா. விடுவேனா?

மாஸ்டர் பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார். பெற்றோர் எல்லோருக்கும் முன்னால் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூனிக் குறுகுவார் என்றுதான் நினைத்தேன். மனிதர் கலகலவென்று சிரித்தார்! மைக்கைத் திரும்ப வாங்கி, ‘பாத்தீங்களா, அன்னைக்கு நான் திட்டுனதுனாலதான் பொண்ணு இன்னைக்கு இந்த உசரத்துல நிக்குது’ என்றார். கூரை அதிரக் கைதட்டினார்கள். திட்டிய திட்டுக்கும் கூலி கேட்கிறார் பாருங்கள்!

மைக் எனக்குத் தேவைப்படவில்லை. உரக்கவே கேட்டேன்: ‘எங்க ஊர்ப் பிள்ளைக அத்தனை பேரையும்தான திட்டுனீங்க சார்? பேனர்ல நான் ஒருத்திதான இருக்கேன். மத்தவங்க எங்க?’

கைதட்டல் நின்றது. பின்வரிசையில் போளூர்க்கார அக்கா ஒருத்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ‘வெரசா வா தாயி, பஸ்ஸு போயிரும்’ என்றாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். ‘உக்காருங்கம்மா, எல்லாரும் உக்காருங்க’ என்று மாஸ்டர் மாடிப்படி வரை ஓடினார். அந்தக் குரலில் கெஞ்சலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். என் வயிறு குளிர்ந்தது.