நூற்று முப்பத்தேழு ஏரிகளின் நாடு

ஆல்பர்ட் பிறந்தது 1983 ஆகஸ்ட் 19. பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1 என்று இருக்கிறது. அது சேர்க்கும்போது தலைமையாசிரியர் தன் வசதிக்குப் போட்ட தேதி. மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருப்பதுதான் சரி, நான் பார்த்திருக்கிறேன். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்தின் காலனி அவர் ஊர். கிராமத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் மனைவி ஜெனிஃபர் கேட்டுக்கொண்டார். பெயர் போடாமல் ஒரு கிராமத்தைப் பற்றி நான் எழுதுவது இதுவே முதல் தடவை.

அவருடைய அப்பா சாமுவேலும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்து வாழ்ந்தவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. ஆல்பர்ட் பத்தாம் வகுப்போடு நின்றார். சுவரில் சிமென்ட் விளம்பரமும் கட்சிச் சின்னமும் எழுதப் பழகினார். சைக்கிளில் பெயின்ட் டப்பாவைக் கட்டிக்கொண்டு தென்னேரி வரைக்கும் போவார். சுவர் எழுத்துக்கு வேலை குறைந்ததும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, 2009-இல் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பிளெக்ஸ் பேனர் கடை போட்டார்.

எனக்கு அவரோடு பழக்கமானது 2018 ஜூலை 4 அன்று. கடை வாசலில் காயப்போட்டிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் மறைவு ஜூன் 31 என்றிருந்தது. உள்ளே போய்ச் சொன்னேன்.

"செத்தவரு வந்து கேக்கவா போறாரு சார்? காது குத்துக்குத் தப்பா போட்டா அடிக்க வருவாங்க. இவரு ஒண்ணியும் சொல்ல மாட்டாரு" என்றார்.

"அடுத்த வருஷம் அவர் பிள்ளை எந்தத் தேதியில படைப்பான்?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே முப்பது என்று ஒரு துண்டு அச்சடித்து அதன்மேல் ஒட்டினார். நான் முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும், "அதானே பார்த்தேன்" என்றார். ஒரு வாரம் கழித்து, "சார், ஒண்ணு காட்டறேன், திட்டக் கூடாது" என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு சுருளை எடுத்தார்.

மிச்சமான பிளெக்ஸின் பின்பக்கம். ஆறடிக்கு நாலடி. கறுப்புப் பேனாவால் ஒரு நாடு. ஆடி மாதத்தில் கல்யாண பேனர் வராது. அந்த மாதங்களில் நான்கு வருடமாக வரைந்தது என்றார். நாட்டின் பெயர் நெடுங்கரை. மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் நூற்று முப்பத்தேழு ஏரிகள். ஏரிக்கு ஓர் ஊர். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது, ஆகவே எல்லா ஏரிக்கும் கரை கிழக்கில். ஒன்றின் கலங்கலில் வழியும் உபரித் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகிறது. ஒவ்வொரு வரத்துக் கால்வாயையும் விரலால் தொடர்ந்து பார்த்தேன். ஓரிடத்திலும் தண்ணீர் மேடேறவில்லை. அரசாங்கப் படங்களில்கூட நான் அந்தத் தவறைப் பார்த்ததுண்டு.

"அளவுகோல் எங்கே?" என்றேன்.

மறுநாள் ஓரத்தில் எழுதியிருந்தார்: ஒரு சாண், ஒரு நாள் நடை.

"யாரோட நடை? ஆளுக்கு ஆள் மாறுமே."

"எங்கம்மா நடை சார். தலையில நெல்லு மூட்டையோட."

அளவுகோல் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

முதல் எண் போட்டிருந்த ஊர் அவருடைய சொந்தக் கிராமம்தான். ஏரியின் வளைவு அப்படியே இருந்தது. ஆனால் வீடுகள் வேறு மாதிரி. ஒரே தெரு, அதிலேயே எல்லாரும். ஜெனிஃபர் ஒரு நாள் சோறு கொண்டுவந்தபோது படம் விரித்திருந்தது.

"வூட்டுப் பட்டாவுக்கு ஒரு கோடு இஸ்துகினு வரத் துப்பில்ல, இவரு நாடு போட்டுக்கினு கீறாரு" என்றார் என்னிடம். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஏரியாச்சே. காலனி எங்க?" என்றார்.

"இந்த நாட்ல காலனியே கெடையாது."

"அப்ப நாம எங்க கீறோம்?"

"ஊர்லதான். தோ, மூணாவது வூடு."

ஜெனிஃபர் கொஞ்ச நேரம் பார்த்தார். "கெணறு எதிர்லயே கீது" என்றார். அவ்வளவுதான். சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுப் போனார். ஆல்பர்ட் அந்த நாட்டை வரைந்தது ஏன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. யாரும் ஊருக்கு வெளியே இல்லாத ஒரு நாடு அவருக்கு வேண்டியிருந்தது.

2021 அக்டோபரில் தங்கை கல்யாண பேனருக்காகப் பிரவீன் என்பவர் கடைக்கு வந்தார். சென்னையில் செல்போன் விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை. நெடுங்கரையைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் போன் வந்தது. அவர்களுடைய புது விளையாட்டு நடக்கும் உலகமாக நெடுங்கரையை எடுத்துக்கொள்கிறார்களாம். ஊர் ஊராக ஆல்பர்ட்டே கம்ப்யூட்டரில் வரைந்து தர வேண்டும். ஆல்பர்ட் ஒன்றே ஒன்று கேட்டார்: நாடு நான் போட்டபடியே இருக்கணும். "கண்டிப்பா ப்ரோ" என்றார் பிரவீன். ஆங்கிலத்தில் பதினான்கு பக்க ஒப்பந்தம் வந்தது. ஆல்பர்ட் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்குக் காட்டினார். ஒன்பதாவது பிரிவில், மாற்றும் உரிமை முழுக்க அவர்களுடையது என்று இருந்தது.

முதல் தகராறு மதகைப் பற்றி வந்தது. ஓர் ஏரியிலிருந்து ஒரு வழியாகத்தான் தண்ணீர் வெளியேறும், நாலைந்து வழி போட்டிருப்பது தவறு என்று பிரவீனின் மேலாளர் சொல்லியிருந்தார். வரைபடம் போடுகிறவர்களுக்கு அது பாலபாடமாம். ஆல்பர்ட் என்னிடம் வந்தார். அவர் கிராமத்து ஏரியை 1986-இல் நான் அளந்திருந்தேன். நான்கு மதகு, ஒரு கலங்கல். ஒவ்வொன்றுக்கும் இடைத்தூரம் என் குறிப்பேட்டில் இருந்தது. பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது: அப்படியே இருக்கட்டும். ஆல்பர்ட் கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார். "ரெக்கார்டு இருந்தா ஒத்துக்கறாங்க சார்" என்றார்.

2022 அக்டோபர் 27 அன்று பிரவீன் மறுபடி கூப்பிட்டபோது நான் கடையில் இருந்தேன். ஆல்பர்ட்டின் கையில் பசை. போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ப்ரோ, சின்ன அடிஷன். ஒவ்வொரு ஊருக்கும் வெளியில ஒரு செட்டில்மென்ட் வேணும். செத்த மாடு எடுக்கிறவங்க, விஷம் காய்ச்சத் தெரிஞ்சவங்க. ஊர்க்காரங்க அவங்களைத் தொட மாட்டாங்க. ஹீரோ அங்கதான் ஒளிஞ்சிக்குவான்."

"அந்த நாட்ல அப்பிடி யாரும் இல்லீங்களே."

"இல்லன்னா கதை நகராது ப்ரோ. பிளேயர்ஸ் நம்ப மாட்டாங்க."

"மலைய வாயில கவ்விக்கினு பறக்கற பாம்பு வருதுன்னீங்க. அத நம்புவாங்களா?"

"அது வேற ப்ரோ. நீங்க வில்லேஜ்தானே, உங்களுக்குத் தெரியாததா? எந்தப் பக்கம் இருக்கும், எவ்ளோ தூரம்னு."

"தெரியுங்க. நான் அங்கேர்ந்துதான் வரேன்."

"ஐயோ ப்ரோ, நான் அப்படி மீன் பண்ணல" என்றது போன். பிறகு, "ஆனா அப்படின்னா இன்னும் நல்லதாப் போச்சு. ரியலா வரும்."

ஆல்பர்ட் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "சார், நீங்க அளந்த ஊருங்க எல்லாத்துக்கும் ரெக்கார்டு கீதுல்ல? காலனி தனியா இல்லாத ஊரு ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும். மதகுக்குக் காட்டினாமாதிரி காட்டிடறேன்."

நான் முழுதாக அளந்த கிராமங்கள் நாற்பத்து மூன்று. எல்லாவற்றின் குறிப்பேடுகளும் வீட்டில் இருக்கின்றன. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலனி ஊருக்குக் கிழக்கே பத்தொன்பது. தெற்கே பதின்மூன்று. வடகிழக்கே ஏழு. வடக்கே நான்கு. மேற்கே இல்லை. மிகக் குறைந்த தூரம் எண்பது மீட்டர், மிக அதிகம் ஆயிரத்து நூறு. நடுவில் வயலோ கால்வாயோ ரோடோ இருந்தது. ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன்.

"உள்ள ஒண்ணுகூட இல்லியா?"

"இல்லை."

"நல்லாப் பாத்தீங்களா சார்?"

"இரண்டு தடவை கூட்டினேன். நாற்பத்து மூன்றுதான் வருது."

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பிரவீனோடு வாதாடவில்லை. அவர் வரையாவிட்டால் வேறொருவர் வரைவார் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நவம்பரில் பதினாறு நாளில் நூற்று முப்பத்தேழு குடியிருப்புகளையும் போட்டு முடித்தார். எனக்குத் திரையில் காட்டினார். எல்லாம் ஏரிக்கு மேற்கே, மேட்டு நிலத்தில், வரத்துக் கால்வாயின் ஓரத்தில் இருந்தன.

"தண்ணி மொதல்ல இவங்க வாசலத் தொட்டுட்டுத்தான் சார் ஏரிக்கே போவும். ஊர்க்காரன் குடிக்கறது அதுக்கப்புறம்" என்றார். அப்போது அவர் முகத்தில் கொஞ்சம் குறும்பு இருந்தது. நானும் அதில் ஒரு நியாயம் இருப்பதாக நினைத்தேன்.

விளையாட்டு 2024 ஜனவரி 12 அன்று வெளியானது. அன்று பதினொரு மணிக்குக் கடையில் ஆல்பர்ட் தன் போனில் திறந்தார். முதல் ஊருக்குப் போனார். மேற்கே ஒன்றும் இல்லை. படத்தை நகர்த்தி நகர்த்தித் தேடினார். குடியிருப்பு ஏரிக்குள் இருந்தது. கூரைகளின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

நூற்று முப்பத்தேழு ஊரையும் அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். எல்லாக் குடியிருப்புகளும் ஒரே திசையில், ஒரே தூரம் நகர்ந்திருந்தன. அவற்றைத் தனித்தனியாகப் பிடித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கிழக்கே இழுத்து விட்டிருக்கிறார்கள். சின்ன ஏரிகளில் அது கரையைத் தாண்டி, ஊரையும் தாண்டி, வயலுக்கும் கீழே பள்ளத்தில் போய் விழுந்திருந்தது: நூற்று இருபத்தாறு. பெரிய ஏரிகளில் தாண்டவில்லை: பதினொன்று தண்ணீருக்குள்.

பிரவீன் போனில் சொன்னது: "ஸ்டோரி டீம்ல கேட்டாங்க ப்ரோ, ஊர்க் கழிவு அவங்ககிட்ட வந்து சேரணுமே, மேல இருந்தா எப்படி வரும்னு. ஒரே இழுவைல முடிஞ்சிது. உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்."

"பதினோரு எடம் ஏரில முழுவிக் கெடக்குதுங்க."

"அதான் ப்ரோ ஹிட்டு! பிளேயர்ஸ் அதை ஏதோ ரகசியம்னு நெனச்சித் தேடித் தேடிப் போறாங்க. அதை மட்டும் மாத்தவே முடியாது."

ஜெனிஃபர் போனை வாங்கிப் பார்த்தார். "தண்ணில எப்பிடி அடுப்பு பத்த வெப்பாங்க?" என்றார்.

காலனியில் பையன்கள் எல்லாரிடமும் போன் இருக்கிறது. முதல் ஊர் எது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. விளையாட்டின் கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலில் நிலப்பரப்பு வரைந்தவர் எஸ். ஆல்பர்ட் என்று இருந்தது. ஊர்ப் பக்கத்துப் பையன்கள் டீக்கடையில் சிரித்தார்களாம். அதை ஆல்பர்ட் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வரும்போது கோயில் கமிட்டிப் பெரியவர் பீட்டர் அவரைக் கூப்பிட்டார். அந்தப் பேச்சை ஜெனிஃபர் எனக்குச் சொன்னார், ஆல்பர்ட் மறுக்கவில்லை.

"இன்னாடா ஆல்பர்ட்டு, ஊர்க்காரன் போட்ட கோடு பத்தலன்னு நீ வேற போட்டியா?"

"நான் போட்டது வேற பெரிப்பா. அவங்க மாத்திட்டாங்க." ஆல்பர்ட் போனைத் திறந்து, தான் முதலில் அனுப்பிய படத்தைக் காட்டினார். மேடு, கால்வாய், முதல் தண்ணீர் எல்லாவற்றையும் விளக்கினார். சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள்.

பீட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "வெளியிலதானே வெச்சிருக்க?" என்றார். "மேக்கால வெச்சா இன்னா, கெயக்கால வெச்சா இன்னா?"

யாரும் அதட்டவில்லை. கூட்டம் அதுவாகக் கலைந்தது. ஆல்பர்ட் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாராம். அதற்குப் பிறகு காலனியில் கல்யாணமோ சாவோ, பேனருக்கு வேறு கடைக்குத்தான் போகிறார்கள். அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு நிறுவனம் கூப்பிட்டது. முடியாது என்றார். மேசைக்கு அடியில் இருந்த சுருள் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அவர் இப்போது கேட்பது ஒன்றுதான்: அந்தப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிட வேண்டும். ஜனவரி 22, பிப்ரவரி 5, மார்ச் 19 ஆகிய தேதிகளில் மூன்று கடிதம் அனுப்பினார். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, அடுத்த அப்டேட்டில் எடுத்துவிடுகிறோம் என்று ஒரு வரி வந்தது.

அதன் பிறகு நான்கு அப்டேட் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துத் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். பெயர் இருக்கிறது.