ஆனந்தபாய் கொடுத்த புகார்

ஆனந்தபாயின் வீட்டுப் பின்மதிலோடு கேரளம் முடிந்துவிடும். முன்வாசலில் இறங்கி பஸ் ஏறினால் பாறசாலை. பின்மதிலில் எட்டிப் பார்த்தால் கன்னியாகுமரி மாவட்டம். அவள் புருஷன் விஜயதாஸ் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. ஒரே மகள் மினி மஸ்கட்டில் நர்ஸ். அறுபத்திரண்டு வயதில் ஆனந்தபாய்க்கென்று மிஞ்சியது ஒரு ஓட்டு வீடும், முப்பத்தெட்டு மூடு ரப்பர் மரமும், மதிலுக்கு அந்தப்புறத்திலிருந்து வரும் ஒரு குரலும்தான்.

குரல் சிபியுடையது. மதிலை ஒட்டி, கட்டிலுக்கும் அலமாரிக்கும் பாலிஷ் அடிக்கும் ஷெட் வைத்திருந்தான். காலையில் வந்ததும் முதல் காரியமாக, "மாமி, எழும்பியாச்சா?" என்று கூப்பிடுவான். "எழும்பியாச்சுலே" என்பாள் இவள். மத்தியானம், "சோறு தின்னாச்சா?" சாயங்காலம், "வாறேன் மாமி." அதற்கு மேல் ஒரு சொல் கூட இருக்காது. ஆனால் பல நாட்களில் அவள் காதில் விழுந்த மனிதப் பேச்சே மொத்தம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நாலு பேர் சுகம் விசாரிப்பார்கள். பதிலைக் கேட்க நிற்கமாட்டார்கள்.

குரல் வந்த வழியில்தான் பாலிஷில் கலக்கும் தின்னரின் நெடியும் வந்தது. ஈரப் பாலிஷில் ஒரு தூசி ஒட்டினால் பளபளப்பு போச்சு. அதனால் சிபி நாலுபுறமும் தார்ப்பாயை இறக்கிவிட்டு உள்ளே நின்று ஸ்ப்ரே அடிப்பான். முடிந்ததும் பாயைத் தூக்குவான். அடைந்து கிடந்த ஆவி மொத்தமும் செக்போஸ்ட் எதிலும் நிற்காமல் எல்லை தாண்டி, ஆனந்தபாயின் பழைய அடுக்களை ஜன்னலுக்குள் நுழையும். கண் எரியும், தலை கனக்கும். பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் கோபம் வந்து ஜன்னலைச் சாத்தி, குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் இருமல் பிடித்தது. ராவும் பகலும் நெஞ்சைப் பிடுங்குகிற இருமல்.

நெய்யாற்றின்கரை டாக்டர், "வீட்டில் விறகடுப்பா, கேஸா?" என்று கேட்டார். "கேஸ்" என்றாள். பொய் இல்லை. சோறும் கறியும் கேஸில்தான் வேகின்றன. பழைய அடுக்களையில் இருப்பது ரப்பர் ஷீட் காய வைக்கும் அடுப்பு. மேலே கம்புகளில் ஷீட்டுகள் தொங்கும். கீழே ரப்பர் விறகும் தேங்காய்ச் சிரட்டையும் தொண்டும் தீப்பிடிக்காமல் நின்று புகைய வேண்டும். அதற்குக் காவலாக அவள் தினமும் மூன்று நான்கு மணி நேரம் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். இந்தப் பக்கத்தில் யாரும் அதை அடுப்பு என்று சொல்வதில்லை; ஷீட்டு காய்கிறது என்பார்கள், அவ்வளவுதான். "பக்கத்தில் பெயிண்ட், கெமிக்கல் ஏதாவது உண்டா?" என்று டாக்டர் அடுத்தபடி கேட்டார். ஆனந்தபாய் மதிலுக்கு அந்தப்புறத்துக் கதையை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள்.

ஃபோனில் இருமலைக் கேட்டுக் கேட்டு மினிக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, கிறிஸ்மஸுக்கு முன்ன இது நிக்கணும். இல்லன்னா நான் வந்து வீட்டப் பூட்டி, உங்கள நல்ல ஒரு ஹோம்ல கொண்டு சேர்ப்பேன். ஒண்ணு அந்த ஷெட்டு, இல்லன்னா நீங்க."

ஹோம் என்றால் முதியோர் இல்லம். மணி அடித்ததும் எழும்பி, மணி அடித்ததும் தின்று, யாரோ விளக்கணைத்ததும் படுக்க வேண்டிய இடம். சர்ச் பெண்களோடு ஒருமுறை பாட்டுப் பாடப் போய்ப் பார்த்திருக்கிறாள். செத்தாலும் அங்கே போகமாட்டேன் என்று அன்றே தீர்மானித்தவள்.

சிபியிடம் நேரே சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவன் முகம் கறுக்கும். மறுநாள் காலையில் கூப்பிடாமல் இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில் நல்லதொரு அசட்டுத்தனம் செய்தாள். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் ஆள் யாரென்று தெரியவா போகிறது என்று நினைத்துப் புகார் எழுதினாள். ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது அவளுடைய வீடு ஒன்று மட்டும்தான்.

பஞ்சாயத்தில், "ஷெட்டு தமிழ்நாடாக்கும், எங்களால ஒண்ணும் செய்ய ஒக்காது" என்றார்கள். அந்தப் பக்கம் போனால், "நீங்க கேரளமில்லியா?" என்றார்கள். காற்றுக்கு ரேஷன் கார்டு இல்லாதது அவள் குற்றமா? நாலு மாதம் அலைந்தாள். அந்த நாலு மாதமும் சிபி காலையில் கூப்பிட்டான். அவளும் ஒன்றும் அறியாதவளாக, "எழும்பியாச்சுலே" என்றாள். அதை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசும்.

கடைசியில் இரண்டு மாநிலத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஜீப்புகளும் ஒரே நாளில் வந்தன. ஒருவர் மதிலருகில் நின்று, "புகார் கொடுத்த ஆனந்தபாய் யாரு?" என்று ஊர் கேட்கக் கூப்பிட்டார். சிபி கையில் ஸ்ப்ரே கன்னோடு அப்படியே நின்றுவிட்டான்.

கேரளத்து ஜீப்பில் வந்த ஆதிரா என்ற இளம் இன்ஜினியர், காற்றில் பறக்கும் ஆவியை அளக்கிற சின்னக் கருவியோடு ஷெட்டுக்குள் போனாள். அதில் எண் மளமளவென்று ஏறியது. ஆவியை இழுக்க ஃபேனும், அதைப் பிடித்து நிறுத்தக் கரி ஃபில்டரும், உயரமான குழாயும் வைத்துத் தனி அறை கட்ட வேண்டும். அதுவரை வேலை கூடாது என்று உத்தரவானது. அந்தத் துண்டு இடத்தில் அதற்கு வழியில்லை. சிபி களியக்காவிளைக்கு அப்பால் வேறு இடம் பிடித்தான்.

சாமான் ஏற்றிய அன்று மதிலுக்கு மேல் அவன் தலை தெரிந்தது. "மாமி, என்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம் இல்லியா?"

"எலே சிபி..." என்று தொடங்கினாள். அதற்குள் இருமல் வந்து பேச்சை அடைத்துவிட்டது. இருமி முடித்து நிமிர்ந்தபோது அவன் இல்லை.

மறுநாளிலிருந்து மதிலுக்கு அந்தப்புறம் ஒரு ஓசையும் இல்லை. தின்னர் வாசம் போனது. இருமல் மட்டும் போகவில்லை. பழைய பாலிஷ் சுவரில் ஊறிக் கிடக்கும், பைய மாறும் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டாள். ஒரு மாதமாயிற்று, ஒன்றரை மாதமாயிற்று. கிறிஸ்மஸுக்கு ஐந்து வாரம் இருந்தது.

அப்போதுதான் ஆதிரா நிலைமையைச் சரிபார்க்க மறுபடி வந்தாள். மதிலருகில் கருவி பேசாமல் கிடந்தது. ஆனந்தபாய் இருமுவதைப் பார்த்து வீட்டுக்குள்ளும் ஒரு சுற்று வந்தாள். பழைய அடுக்களைக் கதவைத் திறந்ததும் எண் ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது.

"இதென்ன அம்மச்சி?"

"ஷீட்டு காயுது மக்கா."

"டாக்டர் அடுப்பு பத்தி கேக்கலியா?"

"கேட்டாரு. கேஸுன்னு சொன்னேன்."

ஆதிரா சிரிக்கவில்லை. ஆணி அடித்த ஜன்னலைப் பார்த்தாள். "தின்னரும் கெடுதிதான், அதில சந்தேகம் இல்ல. ஆனா விறகுப் புகையிலும் அந்த மாதிரி ஆவி உண்டு, பொடியும் உண்டு. நீங்க ஜன்னல அடச்சு, அதுக்குள்ளயே இருந்திருக்கீங்க." ஷீட் அடிக்க வேண்டாம், ரப்பர் பாலாகவே விற்றுவிடுங்கள் என்றாள். போகும்போது பலகையை அவளே பிடுங்கி எறிந்துவிட்டுப் போனாள்.

அடுப்பு அணைந்தது. மூன்று வாரத்தில் இருமல் நின்றது. நின்ற அன்றே ஆனந்தபாய் பஸ் ஏறி சிபியின் புதிய ஷெட்டுக்குப் போனாள்.

அவன் முகமூடியைக் கழற்றிவிட்டு வந்தான். பின்னால் பெரிய ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. "என் அடுப்பாக்கும்லே மக்கா இருமலுக்குக் காரணம். நான் உன்மேல பழி போட்டேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"போவட்டும் மாமி. இங்க இந்த ஃபேன் வச்சப்பெறவு எனக்கே தலவேதனை இல்ல. நல்லதுக்காக்கும்." பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்து, சாயா வாங்கிக் கொடுத்தான். கோபமே இல்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அந்தப் பக்கம் வருவியாலே?"

"அங்க எனக்கு இனி என்ன சோலி மாமி?" என்றான். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. உள்ளே ஒருவன் கூப்பிட, முகமூடியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் மினி கூப்பிட்டாள். ஐந்து நிமிஷம் பேசியும் ஒரு இருமல் கூடக் கேட்கவில்லை. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லதாப் போச்சும்மா! இனி ஹோமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க பாட்டுக்கு அங்கயே தனியா இருந்துக்கலாம், இல்லியா?"

ஆனந்தபாய் மதிலைப் பார்த்தாள். "ஆமா மக்கா, இருந்துக்கலாம்" என்றாள்.