அப்பாவுக்கு வலிக்கவில்லை

போன வருடம் மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு, கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பா துணி தேய்ப்பவர். வாசலில் மேசை போட்டு, சிரட்டைக் கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டியோடு காலையிலிருந்து இருட்டும்வரை நின்றுகொண்டே இருப்பார். அவர் அப்படி நின்றதில்தான் நான் பி.காம். படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

கல்லூரியில் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த கையோடு வீட்டில் ஒரு பெட்டி தயார் செய்தேன். பஞ்சு, காஸ் துணி, ஒட்டும் டேப், கத்தரி, கையுறை, தெர்மாமீட்டர், தீப்புண் களிம்பு, புண் கழுவும் உப்பு நீர். மாதத்துக்கொரு ஞாயிறு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தேதி பார்ப்பேன். இங்கே காயல் காற்றில் கத்தரி துருப்பிடிக்கும், டேப் பிசுபிசுத்துப் போகும். உடனே மாற்றிவிடுவேன். அக்கம்பக்கத்தில் யாருக்குக் கையில் வெட்டுப்பட்டாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். “டாக்டர் டூட்டி கழிஞ்சு வந்தாச்சோ?” என்று என்னைச் சொல்லி எதிர்வீட்டுச் சேச்சி அம்மாவைக் கிண்டல் செய்வார். அம்மா சிரிப்பதை உள்ளேயிருந்து கேட்க எனக்குப் பிடிக்கும்.

ஒரு மாலை நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா, “ஏதோ கருகுதே, துணியப் பாருங்க” என்றார். கருகியது துணி இல்லை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து விழுந்த கங்கு ஒன்று அப்பாவின் பாதத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் தோலைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்துத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

“நம்ம காலு எருமக் காலாக்கும். இதெல்லாம் நோவாது.”

நாங்களும் சிரித்தோம். அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். நினைவு வந்தால் மாத்திரை போடுவார், அவ்வளவுதான்.

கற்றுக்கொடுத்தபடியே புண்ணைக் குளிர்ந்த நீரில் கழுவி, களிம்பு தடவிக் கட்டினேன். அதன்பிறகு தினமும் மாலையில் கட்டு மாற்றினேன். ஒட்டிப்போன காஸ் துணியைப் பிரிக்கும்போது யாராக இருந்தாலும் காலை இழுப்பார்கள். அப்பா அசையவே மாட்டார். “இவ கை பட்டா நோவே அறியல” என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அம்மா ஒருமுறை, “சுகர் உள்ள காலு. ஆசுபத்திரில காட்டிட்டு வாங்களேன்” என்றார்.

“வீட்டுல படிச்ச ஆள வெச்சிட்டு, அங்க போயி எதுக்குடி க்யூல நிக்கணும்?”

நானும் என் போனில் எடுத்திருந்த படங்களை அம்மாவுக்கு வரிசையாகக் காட்டினேன். புண் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டிருந்தது. மேல்தோல் உண்மையிலேயே மூடிக்கொண்டுதான் வந்தது. அதற்கு அடியில் நடந்தது எந்தப் படத்திலும் விழவில்லை.

ஒருநாள் காலையில் அப்பாவுக்கு உடம்பு கொதித்தது. கட்டைப் பிரித்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. நாற்றம் தாங்காமல் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆட்டோ பிடித்து எறணாகுளத்துக்கு ஓடினோம்.

அங்கே ஒரு பெண் டாக்டர், அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். “நான் தொடும்போ சொல்லணும், கேட்டோ” என்று மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, புண் இல்லாத இடங்களில் அழுத்தினார். பெருவிரலில், நடுப்பாதத்தில், குதிகாலில். ஒவ்வொரு இடத்திலும் இழை வளைவதை நான் பார்த்தேன். அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு, அவ்வளவு கவனமாகக் காத்திருந்தார். கடைசியில், “நான் கண்ண மூடியாச்சு டாக்டரே, தொடங்கிக்கோங்க” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சர்க்கரை அந்தக் காலின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. என் கை மென்மையானது என்று இத்தனை நாளும் அப்பாவும் நானும் நம்பிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் திட்டவில்லை. “கொறச்சு நேரத்தே, முன்னாடியே வந்திருந்தா…” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே.

தேய்க்கும் மேசையில் இப்போது அம்மா நிற்கிறார். அப்பா கட்டிலில் கிடக்கிறார். இப்போது அவருக்கு வலிக்கிறது, இல்லாத காலில். அப்படி வருவதுண்டு என்றும், மெல்லத்தான் குறையும் என்றும் சொன்னார்கள். மாலையில் நான் வந்ததும், “சுண்டுவெரல் எரியுது மோளே, கொஞ்சம் தடவிக் குடு” என்று விரிப்பில் வெறும் இடத்தைக் காட்டுகிறார். நான் அந்த இடத்தைத் தடவுகிறேன். சில நாள் “ஆங், இப்ப கொறஞ்சு” என்கிறார். எனக்காகத்தான் சொல்கிறாரோ என்னவோ.

அக்கம்பக்கத்தார் இன்றும் காயத்தோடு வருகிறார்கள். அழுகிறவர்களுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவேன். ‘வலியே இல்லை’ என்று யாராவது சிரித்தால் மட்டும், பெட்டியைத் திறக்காமல் நேரே ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவேன். அந்தச் சொல்லைத்தான், அப்பாவின் கால் போகும்வரை, எனக்குக் கிடைத்த பாராட்டாக நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.