அன்ஃபார்ச்சுனேட்லி என்றார் மாப்பிள்ளை

போன வெள்ளிக்கிழமை என் கண்ணெதிரே ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. எதனால் என்கிறீர்கள்? ஜாதகமா? சீர் செனத்தியா? இரண்டுமில்லை. ஓர் இங்கிலீஷ் வார்த்தை!

எதிர்வீட்டுக் கன்னியப்பன் திருத்தணி மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருப்பவர். அவர் மகள் சரோஜாவைப் பெண் பார்க்க மணவூரிலிருந்து வந்திருந்தார்கள். பையன் மதராஸில் குமாஸ்தா. "இங்கிலீஷ் பேசற ஆளு ஒருத்தர் இருந்தா நல்லா இருக்கும். வந்து குந்துங்க சார்" என்று என்னையும் இழுத்துப் போய் உட்கார வைத்துவிட்டார்.

கேசரி ஆயிற்று, காபி ஆயிற்று. பெண் வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். கூடத்தின் நடுவில் வெற்றிலைபாக்குத் தட்டு தயார். பிடித்துப்போனால் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பிடிக்காவிட்டால்? "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்பார்கள். அந்த லெட்டர் எந்தத் தபாலிலும் வராது! இதற்குமுன் வந்தவர்களெல்லாம் லெட்டர் போடுகிறவர்களாகவே அமைந்ததில் கன்னியப்பன் நொந்துபோயிருந்தார்.

மாப்பிள்ளைக்கோ கூச்சம். பெரியவர்கள் முன்னால் கல்யாணப் பேச்சைத் தானே எடுக்கலாமா? என் பக்கம் சாய்ந்து, இங்கிலீஷில் மெதுவாக ஆரம்பித்தார் — "அன்ஃபார்ச்சுனேட்லி..."

அவ்வளவுதான். கன்னியப்பன் முகம் செத்துவிட்டது. குனிந்தார், தட்டை எடுத்தார், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அது. யுத்தம் வந்ததிலிருந்து கடை விளக்குக்கு மண்ணெண்ணெய் கேட்டு அவர் போடாத மனு இல்லை. வருகிற பதிலெல்லாம் அந்த வார்த்தையில்தான் தொடங்கும். 'இல்லை' என்றுதான் முடியும்.

வெள்ளைக்காரன் சங்கதியே இப்படித்தான். நாம் விஷயத்தைச் சொல்லிவிட்டு "ஐயோ பாவம்" என்போம். அவன் முதலில் ஒப்பாரி வைத்துவிட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவான். அதிலும் தினுசு தினுசாக! ஆள் போய்விட்டால் 'ஸாட்லி'. ரயிலைக் கோட்டை விட்டால் 'அன்லக்கிலி'. தப்பு தன்னுடையது, ஆனால் மன்னிப்புக் கேட்க மனசில்லை — 'ரிக்ரெட்டப்லி'. முடியாது என்று சொல்லவேண்டும், பழி மட்டும் விதியின் தலையில் விழவேண்டும் — 'அன்ஃபார்ச்சுனேட்லி'. நம் பத்திரிகைகள் இதையே 'துரதிர்ஷ்டவசமாக' என்று நீட்டி முழக்குகின்றன.

இங்கே நிலைமை மோசமாகிவிட்டது. தட்டு உள்ளே போனால் பெண் வீட்டுக்கு இஷ்டமில்லை என்றல்லவா அர்த்தம்? மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "நாங்க என்னா அவ்ளோ கொறைஞ்சா பூட்டோம்? எழுந்துருடா, போலாம்!"

அப்போது உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் கணீரென்று வந்தது.

"நைனா, அவரு ஒரு வார்த்ததான சொன்னாரு? முழுசா கேக்காம தட்ட எதுக்குத் தூக்கிகினு வந்த? போய்க் கேளு!"

பெண் பார்க்கிற இடத்தில் பெண் பேசுவதா? நான் மாப்பிள்ளையைப் பார்த்து, "தமிழிலேயே சொல்லித் தொலையுங்களேன்!" என்றேன்.

பாவம், வியர்த்து வழிந்தது அவருக்கு. "நாளைக்கு வரைக்கும்தாங்க லீவு. இன்னைக்கே தட்டு மாத்திக்கலாமான்னு கேக்க வந்தேன். ஆபீஸ் பழக்கம்... இங்கிலீஷ்னா அந்த வார்த்ததாங்க மொதல்ல வருது."

கன்னியப்பன் தட்டோடு ஓடிவந்த வேகத்தில் பாக்கு கூடமெங்கும் உருண்டது. சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே பொறுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

தட்டு மாறியதும் கதவோரம் நின்று சரோஜா சொன்னாள்: "சார், அந்த வார்த்தைய ஆபீஸ்லயே வுட்டுட்டு வரச் சொல்லுங்க."

"ஆங்" என்று தலையை ஆட்டினார் மாப்பிள்ளை.

பந்தல் விளக்குக்கு மண்ணெண்ணெய் கேட்டு நேற்று நானும் கன்னியப்பனும் போயிருந்தோம். அதிகாரி அதே வார்த்தையில் ஆரம்பித்தார். நான் எழுந்திருக்கப் போனேன். கன்னியப்பன் என் கையைப் பிடித்து அமுக்கினார். "இருங்க சார், முழுசா கேக்கலாம்."

முழுசாகவே கேட்டோம்... கல்யாணம் பட்டப்பகலில்தான்!