பதநீர்க் கலயத்துச் சுண்ணாம்பு

என் கடிதக் கட்டில் 19-11-1956 தேதியிட்ட ஒரு கடிதம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. கையெழுத்து மட்டும் பச்சை மையில். உறையில் திருச்சி ஜில்லா என்று சரியாக எழுதியிருந்தது. சமஸ்தானம் இணைந்து எட்டு ஆண்டுகளான பிறகும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் விலாசத்தில் 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்றே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கடிதத்தின் முக்கியமான பகுதி தமிழில் இது:

"குன்றாண்டார்கோவில் குடைவரையை அளந்து வரைய ஐந்து மாதம் தங்க விரும்புகிறேன். நான் இறைச்சி, மீன், முட்டை உண்பதில்லை. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் இவற்றையும் உண்பதில்லை. இதற்கு முன் தங்கிய இரண்டு ஊர்களில் எனக்குச் சொல்லாமல் சோற்றில் நெய் விட்டார்கள். அன்பினால் செய்தார்கள். ஆனாலும் தெரிந்த பிறகு அங்கே என்னால் தங்க முடியவில்லை. உள்ளதைச் சொல்லும் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் வருகிறேன்."

எழுதியவர் ஐரோப்பாவிலிருந்து வந்த ஓவியர். ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி. நான் அப்போது குன்றாண்டார்கோவிலில் பள்ளி ஆசிரியன். குடைவரையைப் பற்றி நான் எழுதிய சிறு கட்டுரை எப்படியோ அவர் கைக்குப் போயிருந்தது. 'ஒருவர் இருக்கிறார், அது நான்தான்' என்ற பொருளில் பதில் போட்டேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அவர் வந்தது 10-1-1957, வியாழக்கிழமை. எங்கள் வீட்டை ஒட்டிய அறையில் தங்கினார். சாப்பாடு எங்கள் வீட்டில். ஐந்தாம் நாள் பொங்கல். ஊரே பால் பொங்குவதைப் பார்த்து நிற்கையில், அவருக்காகத் தண்ணீரில் வேகவைத்த சோற்றை இலையில் வைத்தாள் என் மனைவி. அன்று மாலை அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டாக அந்த வெள்ளக்காரம்மா?"

"சாமியெல்லாம் இல்லக்கா. மாடு கன்னுக்குன்னு சொரக்குற பால நாம எடுக்கக் கூடாதாம்."

"கன்னு குடிச்ச மிச்சந்தானே நாம கறக்குறோம்? இதுக்கா பால விட்டாக? ஏதோ வேண்டுதல்தான். சொன்னாப் பலிக்காதுன்னு சொல்லாம இருக்காக. பாத்துக்கிட்டே இரு, ஆடி மாசம் மொட்ட போடுவாக."

ஊர் முழுவதும் இதையே நம்பியது. நம்பியதால் ஒரு நன்மை இருந்தது. வேண்டுதல் என்றால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். சைவம் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் மோரைக் கொண்டுவந்து நீட்டியிருப்பார்கள். ஆனால் வேண்டுதல்காரருக்குச் செய்யும் சமையல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று என் மனைவியும் நினைத்துக்கொண்டாள். சுத்தம் என்றால் அவளுக்கு நெய். புதிதாக வாங்கிய மண்சட்டியை நெய் தடவி அடுப்பில் ஏற்றப் போனவளை முதல் வாரமே தடுத்து நிறுத்தினேன்.

அந்தச் சட்டிதான் எனக்கு வழி காட்டியது. சமையலறையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் எடுத்து, எங்கிருந்து வருகிறது, எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதத் தொடங்கினேன். நல்லெண்ணெயைச் செக்கடியிலேயே நின்று பார்த்து வாங்கினேன். பெருங்காயத்தில் மாவும் பிசினும்தான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். மோர்மிளகாய் பெயரிலேயே மாட்டிக்கொண்டது. அதற்குப் பதிலாக என் மனைவி உப்பும் புளித்தண்ணீரும் விட்டு மிளகாய் ஊறவைத்துக் காயப்போட்டாள். காப்பிக்குத் தேங்காய்ப் பால். முதல் தடவை அது திரிந்துபோனது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விட்டால் திரியவில்லை என்று 2-2-1957இல் குறித்திருக்கிறேன்.

சர்க்கரையை ஓவியர் தொடவில்லை. அவர் நாட்டில் எலும்புக் கரியில் வடிகட்டித்தான் அதை வெளுப்பாக்குவார்களாம். நம் ஆலைகளில் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கருப்பட்டிக்கு மாறினோம். நோட்டில் கருப்பட்டிக்கு எதிரே நான் எழுதியது: 'பனை மரத்துச் சாறு. காய்ச்சி எடுப்பது. ஐயமில்லை.' அதைப் படித்துக் காட்டினேன். அவர் புத்தகத் தமிழில், "மரம் எனக்கு மிகவும் பிடிக்கும்" என்றார். தினம் இரண்டு வேளை கருப்பட்டிக் காப்பி. பாறையில் மத்தியான வெயிலில் நின்று அளக்கும்போது கையில் ஒரு துண்டு கருப்பட்டி இருக்கும்.

மார்ச் கடைசியில் பரீட்சை மேற்பார்வைக்காகக் கறம்பக்குடிக்குப் போனேன். பரீட்சை முடிந்த மறுநாள் காலை, ஊருக்கு வெளியே பனங்கூட்டத்தில் ஒருவர் கலயங்களை வரிசையாக வைத்துச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். எங்கள் கருப்பட்டியும் அந்தப் பக்கத்துச் சந்தையிலிருந்துதான் வந்தது. அருகே போனேன்.

"இங்கிட்டு வாங்க வாத்தியாரய்யா, பதநீ குடிங்க" என்றார்.

"கலயத்துக்குள்ள ஏன் சுண்ணாம்பு பூசுறீங்க?"

"பூசலேன்னா கள்ளாப் போயிரும்ல. அப்புறம் ஒங்களுக்கும் கெடைக்காது, எனக்கும் வேல கெடைக்காது, போலீசுக்குத்தான் கெடைக்கும்."

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சிரித்துக்கொண்டே குடித்தேன். பாதியில், "இது கல்லுச் சுண்ணாம்பா?" என்று கேட்டேன்.

"கல்லா? அது செவுத்துக்கு. இது சிப்பி. கடக்கரையிலேருந்து வண்டியில வரும்."

மீதியைக் குடிக்க முடியவில்லை. ஐயமில்லை என்று என் கையால் எழுதியிருந்தேன். அதை நம்பி ஒருவர் இரண்டு மாதத்துக்கு மேல் சிப்பிச் சுண்ணாம்பு கலந்த இனிப்பைச் சாப்பிட்டிருக்கிறார். சொன்னால், மற்ற இரண்டு ஊர்களை விட்டுப் போனதுபோல இங்கிருந்தும் போய்விடுவார். குடைவரையின் உள் சுவர்கள் இன்னும் வரையப்படவில்லை. சொல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏங்க, வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்புதானே? தின்னதெல்லாம் என்னைக்கோ செரிச்சுப் போச்சு. இப்பப் போயி சொல்லி அவுக மனச ஏன் நோகடிக்கணும்?"

"நான் எழுதிக் கொடுத்திருக்கேனே."

"எழுதாம இருந்திருக்கணும். எல்லாத்தையும் எழுதுற கை ஒங்களுக்கு."

மறுநாள் காலை, காப்பி வருவதற்கு முன்பே ஓவியரிடம் போய்ச் சொன்னேன். பதநீர் எப்படி எடுக்கிறார்கள், சுண்ணாம்பு எதற்கு, அது எதிலிருந்து வருகிறது என்று, எனக்குத் தெரிந்ததைத் தெரிந்த வரிசையில் சொன்னேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார். சீவி முடித்த பிறகும் சீவிக்கொண்டிருந்தார். கூர் உடைந்தது.

"அந்தச் சிப்பிக்குள் உயிர் இருந்ததா? அல்லது இறந்து கரையில் ஒதுங்கியதா?" என்று கேட்டார்.

"தெரியவில்லை."

"யாருக்குத் தெரியும்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டியைக் கட்டுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் நோட்டைக் கேட்டு வாங்கி, என்னுடைய 'ஐயமில்லை'யை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் அன்றைய தேதியும் போட்டார். அன்று காப்பி இனிப்பில்லாமல் வந்தது. அதை அவர் குடித்த முகத்தைப் பார்த்து என் மனைவி, "விளக்கெண்ணெ குடிக்கிற புள்ள மாதிரியில்ல இருக்கு" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஓவியர் அர்த்தம் கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்துவிட்டார்.

வெல்லத்துக்கு மாறலாம் என்று விசாரித்தேன். ஆலைக் கொட்டகையில் கரும்புச் சாற்றை அழுக்கெடுக்கவும் சுண்ணாம்புதான் போடுகிறார்களாம். எது கிடைக்கிறதோ அது. சில நாள் கல், சில நாள் சிப்பி. இதைச் சொன்னபோது ஓவியர், "உங்கள் நாட்டில் இனிப்புக்கும் கடலுக்கும் ஏன் இத்தனை உறவு?" என்றார். அதன் பிறகு வாழைப்பழம்தான். காப்பியோடு ஒரு கடி, ஒரு மடக்கு.

ஏப்ரலில் மறுபடி கறம்பக்குடிக்குப் போய், சுண்ணாம்பு வண்டிக்காரரைப் பார்த்தேன். சுண்ணாம்பு சுடும் காளவாயில் வேகும் சிப்பி இரண்டு வகை என்றார் அவர். ஒன்று, உப்பங்கழிச் சேற்றில் தோண்டி எடுப்பது. எப்போதோ செத்துப் புதைந்த சிப்பி. மற்றது, கறிக்காக உயிரோடு பிடித்து, சதையை எடுத்த பிறகு மிஞ்சும் ஓடு.

"ரெண்டையும் தனித்தனியாச் சுடுவீங்களா?"

"தனித்தனியாச் சுட நாங்க என்ன ரெண்டு காளவாயா வச்சிருக்கோம்? வெந்தா எல்லாம் வெள்ளதான் சார்."

இதையும் அப்படியே ஓவியரிடம் சொன்னேன். கறிக்காக எடுத்த சிப்பி என்றால் தனக்கு ஆகாது, சேற்றில் கிடைத்தது என்றால் ஆகும் என்றார். பிரிக்க வழியில்லாததால் கருப்பட்டியை அவர் கடைசி வரை தொடவில்லை. ஆனால் தங்கினார். உள் சுவர்களின் படங்களை ஜூன் முதல் வாரத்தில் முடித்தார். 11-6-1957 காலை பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போனார்.

1961இல் ஒரு கல்யாணத்துக்காகக் கடற்கரைப் பக்கம் போனபோது அந்தக் காளவாயைத் தேடிப் பிடித்தேன். அப்போதிருந்தவர்கள் புதியவர்கள். 57இல் சேற்றுச் சிப்பி மட்டும்தான் வந்தது என்று ஒருவர் சொன்னார். இல்லை, அந்த வருஷம் கறிச் சிப்பிதான் அதிகம் என்று இன்னொருவர் மறுத்தார். இருவரும் அந்த வருஷம் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்லர். ஆகவே அந்த ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் வீட்டுக்கு வந்த கருப்பட்டியில் எந்தச் சிப்பியின் சுண்ணாம்பு இருந்தது என்பதை நான் இன்றுவரை உறுதி செய்யவில்லை.