சந்தனம் பூசிக்கொண்ட பெட்டி

எங்கள் வீட்டில் ஹாலும் பூசை அறையும் ஒன்றுதான். டிவிக்குப் பக்கத்திலேயே சாமி அலமாரி. அங்கே ஒரு கம்ப்யூட்டர் வைக்கப்போகிறேன் என்றதும் என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பூசை பண்ணும்போது அதுல இருந்து சத்தம் வந்துச்சுன்னா பரண்ல ஏத்திடுவேன். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

பழைய கேசட்டில் கிடந்த பக்திப் பாட்டுகளையும் எங்கள் மகளின் கல்யாண சிடியையும் அதில் ஏற்றி, உட்கார்ந்த இடத்திலிருந்தே டிவியில் போட்டுப் பார்க்க எனக்கு ஆசை. பரணில் ஏறினால் எல்லாம் போச்சு. எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நண்பர்தான் கைகொடுத்தார். சின்னப் பெட்டி, மெதுவாகச் சுற்றும் ஃபேன், காசு கேட்காத லினக்ஸ் மென்பொருள், எல்லாம் அவர் யோசனை. ஹார்ட் டிஸ்க் அதிராமல் இருக்க சைக்கிள் ட்யூபை வெட்டி அடியில் மெத்தை போட்டது மட்டும் என் மூளை.

அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். ஓடுகிறதா இல்லையா என்று என் மனைவி காதை வைத்துப் பார்த்தாள். உங்கள் குறட்டைக்கு இது எவ்வளவோ தேவலை என்றாள். கொஞ்ச நாளில் காலையில் எழுந்ததும் ரிமோட்டை எடுத்துப் பாட்டுப் போடுவதே அவள்தான்.

ஆயுத பூசை வந்தது. சைக்கிளுக்கும் தையல் மிஷினுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தவள், பாசம் ஜாஸ்தியாகி, பெட்டியின் தலை முழுக்கச் சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டாள். மேலே ஒரு கதம்ப மாலை வேறு. சூடு வெளியேறும் துளைகள் இருந்ததே அந்தத் தலையில்தான். அதை நண்பர் என்னிடம் சொல்லியிருந்தார். அவளிடம் யாரும் சொல்லவில்லை.

கற்பூரம் காட்டும் நேரம். பெட்டி முதலில் முனகியது. பிறகு சூடேறி, உள்ளே ஃபேன் வேகமெடுத்து மிக்சி மாதிரி கத்த ஆரம்பித்தது. நான் மணியை வேகமாக ஆட்டிப் பார்த்தேன். மணியையும் மிஞ்சியது.

தீபாராதனை முடிந்ததும் அவள் பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். துளைகள் இருந்த இடத்தை விரலால் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பெட்டியை நிறுத்தச் சொல்லி, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, ஒவ்வொரு துளையாகக் குத்திச் சந்தனத்தை எடுத்தாள்.

"இப்படி மூச்சை அடைச்சா, கத்தாம என்னங்க பண்ணும்?" என்றாள், என்னமோ நான் பூசிவிட்ட மாதிரி.

மூலையில் ஒரு சின்னப் பொட்டு வைத்து, போடுங்கள் என்றாள். போட்டேன். சத்தமே இல்லை. சந்தன வாசம் மட்டும், பெட்டி சூடாகும்போதெல்லாம், கார்த்திகைத் தீபத் திருவிழா வரைக்கும் ஹாலில் வந்துகொண்டிருந்தது.